எஞ்சினியரே இல்லாத ஒருவர் ஸ்பிட்ஃபயரைக் காப்பாற்றியது எப்படி? ‘இன்டர்கூலர்’ வழியே ஸ்டான்லி ஹூக்கரின் கதை

அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடக்கும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். சூப்பர்சார்ஜர் பொருத்திய ஒரு மஸ்டாங் வந்து நிற்கும். டிரைவர் இறங்கி டிக்கியைத் திறப்பார். உள்ளே லக்கேஜ் இருக்காது, ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் பை பையாக ஐஸ் கட்டியைக் கொட்டி மூடிவிட்டு ரேஸுக்குக் கிளம்பிவிடுவார்.

எஞ்சின் இருப்பது முன்னால். ஐஸ் போடுவது பின்னால். இது என்ன லாஜிக்?

லாஜிக் ரொம்பப் பழசு. 1940-களில் ஹிட்லரின் விமானப்படையோடு பிரிட்டன் மோதிக்கொண்டிருந்தபோது, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மூக்குக்குள் ஏறக்குறைய இதே அமைப்பு இருந்தது. அதை அங்கே கொண்டுவந்ததில் முக்கியப் பங்கு ஒரு கணிதக்காரருக்கு உண்டு. பெயர் ஸ்டான்லி ஹூக்கர். எஞ்சினியரிங் பட்டறைப் பக்கமே போகாமல் படித்து வந்தவர். பின்னாளில் ஹாரியர், கான்கார்ட் என விமான உலகின் பெரிய பெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

முதலில், இன்டர்கூலர் என்றால் என்ன?

எஞ்சினுக்கு பவர் வேண்டுமென்றால் அதிகப் பெட்ரோலை எரிக்க வேண்டும். அதிகப் பெட்ரோல் எரிய அதிகக் காற்று வேண்டும். எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்று போதாதபோது, ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறோம். அந்த விசிறியை எஞ்சினே நேரடியாகச் சுழற்றினால் சூப்பர்சார்ஜர். சைலன்ஸர் வழியே வெளியேறும் புகையின் வேகத்தில் அது சுழன்றால் டர்போசார்ஜர். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒரு சாதாரண சூப்பர்சார்ஜர் இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், வெப்பநிலை 120 டிகிரியையும் தாண்டலாம்.

சூடான காற்று விரியும். அதனால் அழுத்தம் 2 மடங்கு ஏறினாலும், உள்ளே போகும் காற்றின் அளவு சுமார் ஒன்றரை மடங்குதான் கூடும். பாதி உழைப்பு வீண். அது மட்டுமா? சூடான கலவை, ஸ்பார்க் மூட்டிய தீ வந்து சேர்வதற்கு முன்பே தானாகத் தாறுமாறாக வெடிக்கத் தொடங்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

தீர்வு சிம்பிள்தான். அழுத்திய காற்றை எஞ்சினுக்குள் விடும் முன் குளிரவைக்க வேண்டும். அதைச் செய்யும் கருவிதான் இன்டர்கூலர். அதே காற்றை 50 டிகிரிக்கு இறக்கினால், உள்ளே போகும் காற்று ஒன்றரை மடங்கிலிருந்து கிட்டத்தட்ட 1.9 மடங்காக உயரும்.

கார்ல இது ஜாலியான விஷயம். சில நொடிகள் கூடும், குறையும். 30,000 அடி உயரத்தில், பின்னால் ஒரு ஜெர்மன் விமானம் துரத்தும்போது இது உயிர்ப் பிரச்சினை.

கணக்கு வாத்தியார் ஆகியிருக்க வேண்டியவர்

1907 செப்டம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஷீர்னஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார் ஹூக்கர். ஸ்காலர்ஷிப் பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கணிதம் படித்தார். நீரும் காற்றும் எப்படிப் பாய்கின்றன என்ற கணக்குகள் அவரை இழுத்துக்கொண்டன. அங்கிருந்து ஆக்ஸ்போர்டு போய் 1935-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு பிரிட்டிஷ் கடற்படையின் அறிவியல் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை.

எஞ்சினியரிங் பட்டமோ, ஸ்பேனர் பிடித்த அனுபவமோ அவரிடம் கிடையாது. ஆனாலும் 1938 ஜனவரியில், டெர்பி நகரில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. நேர்காணல் செய்தவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ். கீழ்நிலையில் மெக்கானிக்காகத் தொடங்கி நிறுவனத்தின் தலைமை வரை உயர்ந்தவர். எதிரே உட்கார்ந்திருந்த இளைஞரைப் பார்த்து, நீ பெரிய எஞ்சினியர் ஒண்ணும் இல்லையே என்கிற தொனியில் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். ஹூக்கர் அதைக் கடைசி வரை மறக்கவில்லை. சுமார் 46 வருடம் கழித்து வெளிவந்த தன் சுயசரிதைக்கு அந்த வார்த்தைகளையே தலைப்பாக வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்தாயிற்று. ஆனால் என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை! இன்றைக்கு ஐடி கம்பெனிகளில் ‘பெஞ்ச்’சில் உட்கார வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. சும்மா இருக்கப் பிடிக்காமல் நிறுவனத்துக்குள்ளேயே சுற்றிவந்தவர் கையில் ஒரு நாள் சூப்பர்சார்ஜர் சோதனை அறிக்கைகள் சிக்கின.

பெஞ்சில் இருந்தபோது போட்ட கணக்கு

அப்போது ரோல்ஸ் ராய்ஸின் முக்கியத் தயாரிப்பு மெர்லின். 12 சிலிண்டர், 27 லிட்டர் எஞ்சின். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டுக்கும் இதுதான் இதயம். இதன் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தவர்கள் அனுபவம் மிக்க எஞ்சினியர்கள். அவர்கள் அனுபவத்தால் செய்ததை ஹூக்கர் கணக்காகப் பார்த்தார். காற்று எந்த வளைவில் திரும்பும்போது எவ்வளவு ஆற்றலை இழக்கிறது, விசிறியின் பற்கள் எந்தக் கோணத்தில் இருந்தால் இழப்பு குறையும் எனத் தாள் தாளாகப் போட்டுப் பார்த்தார். முடிவு தெளிவாக இருந்தது: இந்த சூப்பர்சார்ஜரை இன்னும் நிறைய மேம்படுத்தலாம்.

அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினார். சூப்பர்சார்ஜர் பிரிவின் மூத்தவரான ஜேம்ஸ் எல்லருக்கு அது போனது. புதுசாக வந்த ஒரு பையன் தன் வேலையில் குறை கண்டுபிடித்திருக்கிறான் என்றால் பல ஆபீஸ்களில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். இங்கே நடந்தது வேறு. கணக்கு சரி என்று ஏற்றுக்கொண்ட எல்லர், இனி சூப்பர்சார்ஜர் மேம்பாட்டை நீயே பார்த்துக்கொள் என்று பொறுப்பை ஹூக்கரிடம் கொடுத்தார்.

அந்த மாற்றங்களோடு வந்த மெர்லின் 45 எஞ்சின் 1941-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 5 விமானத்தில் பறந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வானத்தில் புது எதிரி

1941 கடைசிக் காலாண்டை நெருங்கும்போது, பிரான்ஸ் வானில் பிரிட்டிஷ் விமானிகள் ஒரு புது ஜெர்மன் விமானத்தைச் சந்தித்தார்கள். ஃபோக்கவுல்ஃப் 190. வேகத்திலும், மேலேறுவதிலும், சட்டெனப் புரள்வதிலும் ஸ்பிட்ஃபயர் மார்க் 5-ஐ அது தோற்கடித்தது. வளைந்து திரும்புவதில் மட்டுமே ஸ்பிட்ஃபயருக்கு மிச்சம் இருந்தது. 1942 முதல் பாதி முழுக்க பிரிட்டன் விமானிகளை இழந்துகொண்டே இருந்தது. புது விமானம் ஒன்றை வடிவமைத்துத் தயாரிக்க வருடங்கள் ஆகும். அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை.

உதவிக்கு வந்தது, வேறு எதற்காகவோ செய்துவைத்திருந்த ஓர் எஞ்சின்.

வெல்லிங்டன் பாம்பர் விமானத்தை மிக உயரத்தில் பறக்கவைக்க வேண்டும் என்று முன்பே அரசு கேட்டிருந்தது. 30,000 அடியில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். அவ்வளவு மெல்லிய காற்றை ஒரே விசிறியால் தேவையான அளவுக்கு அழுத்த முடியாது. எனவே ஹூக்கரின் குழு, ஒரே தண்டில் 2 விசிறிகளை அடுத்தடுத்து வைத்தது. முதல் விசிறி அழுத்திய காற்றை இரண்டாவது விசிறி வாங்கி மேலும் அழுத்தும்.

இங்கேதான் மறுபடியும் அந்த சைக்கிள் பம்ப் பிரச்சினை. இரண்டு முறை அழுத்தினால் இரண்டு முறை சூடாகும். கலவையின் வெப்பநிலை சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவுக்கு எகிறும். அப்படியே உள்ளே விட்டால் எஞ்சின் தாங்காது.

மூக்குக்குள் ஒரு தண்ணீர் ரேடியேட்டர்

இன்டர்கூலர் என்ற யோசனை ஹூக்கருடையது அல்ல. அழுத்திய காற்றைக் குளிர்விக்க வேண்டும் என்பது எஞ்சின் உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். சவால் இடத்தில் இருந்தது. ஒரு போர் விமானத்தின் ஒல்லியான மூக்குக்குள் அதை எப்படித் திணிப்பது?

வெளிக்காற்றை வைத்தே குளிர்விக்கலாம் என்றால் பெரிய குழாய்கள் வேண்டும், பெரிய கூலர் வேண்டும். மெர்லினில் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம், ஒரு லிட்டர் காற்றுக்குத் தேவையானதைவிட 3,000 மடங்குக்கும் அதிகம். அதாவது, சின்ன இடத்தில் நிறைய வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகத் தண்ணீரால் முடியும்.

அமைப்பு இப்படி: சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி. அதன் மெல்லிய குழாய்களைச் சுற்றிச் சூடான கலவை பாயும், குழாய்க்குள் குளிர்ந்த திரவம் ஓடும். வெப்பத்தை வாங்கிக்கொண்ட திரவம், விமானத்தின் இறக்கைக்கு அடியில் இருக்கும் தனி ரேடியேட்டருக்குப் போய், வெளியே மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இருக்கும் காற்றில் குளிர்ந்து திரும்பும். இதற்கெனத் தனி பம்ப், தனி டேங்க். எஞ்சினின் முக்கியக் கூலன்ட்டோடு இது கலக்கவே கலக்காது.

ஏன் கலக்கக் கூடாது? எஞ்சின் கூலன்ட் எப்போதும் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதை வைத்துக் காற்றைக் குளிர்விப்பது, வெந்நீரில் ஜூஸ் பாட்டிலை வைத்து ஜில்லாக்குவது மாதிரிதான்.

பாம்பருக்குச் செய்தது, ஃபைட்டருக்குப் போனது

சோதனைகள் நடந்துகொண்டிருந்தபோது, இதே எஞ்சினை ஸ்பிட்ஃபயரில் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஹைவ்ஸ் எழுப்பினார். எஞ்சின் பழையதைவிடச் சுமார் 9 அங்குலம் நீளம். மூக்கைக் கொஞ்சம் நீட்டினார்கள். 3 இலை புரொப்பெல்லருக்குப் பதில் 4 இலை வந்தது. கூடுதல் ரேடியேட்டருக்கு இறக்கையின் அடியில் இடம் ஒதுக்கினார்கள். மற்றபடி மார்க் 5 விமானத்தின் உடல்தான்.

இந்தக் கலவைதான் ஸ்பிட்ஃபயர் மார்க் 9. 1942 ஜூலையில் ராயல் விமானப்படையின் 64-வது ஸ்குவாட்ரனோடு போருக்குப் போனது. 30,000 அடியில் மெர்லின் 45-ஐவிட சுமார் 300 குதிரைத்திறன் கூடுதல். அதே உயரத்தில் மணிக்குக் கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர் கூடுதல் வேகம்.

வெளியே இருந்து பார்த்தால் மார்க் 5-க்கும் 9-க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜெர்மன் விமானிகளுக்கு அதுவே ஆபத்தானது. எதிரே வருவது பழைய ஸ்பிட்ஃபயரா, புதுசா என்று கிட்டே வரும்வரை தெரியாது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய மார்க் 9, கடைசியில் 5,000-க்கும் மேல் தயாரானது.

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங் விமானம் தாழ்வான உயரத்தில் அருமையாகப் பறந்தது, மேலே போனால் மூச்சு வாங்கியது. 1942-ல் அதை ஓட்டிப் பார்த்த ரோல்ஸ் ராய்ஸ் பைலட் ரொனால்ட் ஹார்க்கர், மெர்லின் 61-ஐ இதில் போடலாம் என்று சொன்னார். போட்டார்கள். அமெரிக்காவில் பேக்கார்டு கார் நிறுவனம் இந்த எஞ்சினைத் தயாரித்தது. 1944-ல் பெர்லின் வரை பாம்பர்களுக்குத் துணையாகப் போய்த் திரும்பியவை இந்த மஸ்டாங்குகள்தான். இன்று டிக்கியில் ஐஸ் கொட்டும் மஸ்டாங் காருக்கும் இதே பெயர் என்பது இன்னொரு சுவாரஸ்யம்.

டிக்கியில் தொட்டி: அதே கணக்கு, வேறு தேவை

இப்போது ஐஸ் கேள்விக்கு வருவோம். ஷெல்பி ஜிடி500, டாட்ஜ் ஹெல்கேட் போன்ற சூப்பர்சார்ஜர் கார்களில் இருப்பது மெர்லினில் இருந்த அதே திரவ முறைதான். தனி பம்ப், தனி ரேடியேட்டர், தனிக் கூலன்ட். கம்பெனி கொடுக்கும் டேங்க் சிறியது. அடுத்தடுத்து ரேஸ் ஓடினால் அந்தத் திரவமே சூடாகிவிடும், பவர் குறையும்.

அதனால்தான் ஆர்வலர்கள் பெரிய தொட்டியை டிக்கியில் வைக்கிறார்கள். அங்கே இடம் இருக்கிறது, எஞ்சின் சூடு எட்டாது, பின் சக்கரத்தில் எடை கூடுவதால் பிடிமானமும் கிடைக்கும். ஐஸ் ஏன்? ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டுமே உறிஞ்சும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம்.

பொருத்துவதில் சில அடிப்படை விதிகள் உண்டு. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. விபத்தில் பறக்காதபடி தொட்டியை பாடியோடு இறுக்க வேண்டும். பம்ப் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது காற்றை இழுத்துத் திணறும். ஹோஸ் சைலன்ஸர் பைப்பை ஒட்டிப் போகக் கூடாது. லைனில் சிக்கிய காற்றுக் குமிழ்களை முழுசாக வெளியேற்ற வேண்டும். அது தங்கிவிட்டால் எவ்வளவு ஐஸ் போட்டாலும் திரவம் சரியாகச் சுற்றாது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பெரிய தொட்டி வெப்பத்தைத் தள்ளிப்போடும், வெளியேற்றாது. சில நொடி ரேஸுக்கு அது போதும். மணிக்கணக்கில் ஓட்ட வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ரேடியேட்டர்தான் பெரிதாக வேண்டும். சூடேறிய பெரிய தொட்டி குளிரவும் அதிக நேரம் எடுக்கும். ஸ்பிட்ஃபயரில் தொட்டியைப் பெரிதாக்காமல் ரேடியேட்டருக்கு இடம் ஒதுக்கியதன் காரணமும் இதுதான்.

ஜெட், இந்தியா, மறுபடியும் ரோல்ஸ் ராய்ஸ்

ஹூக்கருக்கு மெர்லின் வெறும் தொடக்கம். ஃப்ராங்க் விட்டிலின் ஜெட் எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து ஹைவ்ஸிடம் சொன்னபோது, அதன் உந்துவிசை வெறும் 1,000 பவுண்டுதானா என்று அவர் அலட்சியமாகக் கேட்டார். ஹூக்கர் வழக்கம்போலக் கணக்குப் போட்டார். 300 மைல் வேகத்தில் பறக்கும் ஸ்பிட்ஃபயருக்கு மெர்லின் கொடுப்பது சுமார் 840 பவுண்டுதான் என்று காட்டினார். 1942 இறுதியில், ரோவர் கார் நிறுவனத்திடமிருந்த ஜெட் வேலையை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது. பதிலுக்கு ரோவருக்குக் கொடுத்தது, ஒரு டாங்கி எஞ்சின் ஆலையை. பார்னல்ட்ஸ்விக் ஊரில் நடந்த அந்த ஜெட் வேலைக்கு ஹூக்கர் தலைமை ஏற்றார்.

போருக்குப் பிறகு ஹைவ்ஸுடன் மனக்கசப்பு. 1949-ல் போட்டி நிறுவனமான பிரிஸ்டலுக்குப் போனார். அங்கே உருவான ஓர்ஃபியஸ் எஞ்சின் நமக்கு நெருக்கமானது. 1965 போரில் இந்திய விமானப்படை பயன்படுத்திய நாட் விமானத்தில் இருந்தது அதுதான். பெங்களூரு ஹெச்ஏஎல் நிறுவனம் உருவாக்கிய மாருத் போர் விமானத்திலும் 2 ஓர்ஃபியஸ் எஞ்சின்கள். அதற்காகத் திட்டமிட்ட சக்தி வாய்ந்த வகை கைவிடப்பட்டதால், மாருத் தன் முழு வேகத்தை எட்டவே இல்லை. செங்குத்தாக எழும் ஹாரியரின் பெகாசஸ் எஞ்சினும் ஹூக்கர் தலைமையில் வந்ததே. ஐஎன்எஸ் விராட் கப்பலில் இருந்து 2016 வரை பறந்த சீ ஹாரியர்களில் அது இருந்தது.

1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் திவாலானது. லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கான ஆர்பி211 எஞ்சின் செலவு கையை மீறிப் போனதே காரணம். இதற்குள் பிரிஸ்டல் எஞ்சின் பிரிவும் ரோல்ஸ் ராய்ஸோடு இணைந்திருந்தது. 60 வயதைக் கடந்து ஓய்வில் இருந்த ஹூக்கரைத் திரும்ப அழைத்தார்கள். ஓய்வு பெற்ற பழைய சகாக்கள் சிலரும் அவரோடு சேர்ந்தார்கள். மறுபடியும் காற்று எங்கே ஆற்றலை இழக்கிறது என்று தேடும் வேலை. 1972-ல் எஞ்சினுக்குச் சான்றிதழ் கிடைத்தது. பின்னாளில் ஏர் லங்காவின் டிரைஸ்டார்களில் பறந்தவர்கள் நம்பியதும் இந்த எஞ்சின் குடும்பத்தைத்தான்.

1974-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1984 மே 24 அன்று, 76 வயதில் காலமானார். எஞ்சினியர் இல்லை என்ற கிண்டலைத் தலைப்பாகக் கொண்ட சுயசரிதை அதே ஆண்டில் வந்தது.

இன்றைக்கு என்ன மிச்சம்?

நம் சாலைகளில் ஓடும் டர்போ கார் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் வெளிக்காற்றே குளிர்விக்கும். ஸ்கோடா குஷாக், ஃபோக்ஸ்வாகன் வர்ச்சூஸ் போன்றவற்றின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சினில் திரவ இன்டர்கூலர், தனிச் சுற்றோடு இருக்கிறது. 2018-ல் வந்த டாட்ஜ் டீமன் ஒரு படி மேலே போய், ஏசி கேஸை வைத்தே அந்தத் திரவத்தைக் குளிர்வித்தது.

பவர் வேண்டும் என்றதும் பெரிய எஞ்சின், அதிக பூஸ்ட் என்றுதான் யோசிக்கத் தோன்றும். 1938-ல் வேலையில்லாமல் டெர்பியில் சுற்றிக்கொண்டிருந்த கணிதக்காரர் அந்தக் காற்றைக் கவனித்தார். அடுத்த முறை சிக்னலில் டர்போ கார் ஏசியோடு நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கொஞ்சம் மந்தமாகத் தெரிந்தால், எஞ்சினைத் திட்ட வேண்டாம். உள்ளே போகும் காற்று சூடாக இருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், இன்டர்கூலர் தன் வேலையைச் செய்யும்.